தொட்டி மண்

உள்ள வாம்மா. செருப்பை வெளியவே விடு, இந்த அப்பார்ட்மென்ட்ல யாரும் எடுக்க மாட்டாங்க. பேரு என்ன சொன்னே, ஆக்னஸா? தேனுகூட தஞ்சாவூர் ஸ்கூல்ல வேலை பாக்கறியா? சரி சரி. உக்காரு. ஃபேன் போடறேன்.

செடிதானே? தரேன். அது எங்க ஓடிடப் போவுது? காபி குடிச்சுட்டு எடுத்துக்கிட்டுப் போகலாம். தஞ்சாவூருக்குத்தான் நிமிஷத்துக்கு ஒரு பஸ் இருக்கே. என்ன அவசரம்?

நல்லாருக்காளா? சாப்பிடறாளா ஒழுங்கா? இல்ல, கேக்கக் கூடாதுதான். எனக்கென்ன உரிமை இருக்கு இனிமே? போன மாசம் கோர்ட்ல ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டாச்சு. என் பையன் செழியன் ஓசூருக்கு மாத்தல் வாங்கிட்டுப் போயிட்டான். மருமக உங்க ஊர்ல. நான் இங்க திருச்சியில, உறையூர்ல, இந்த மூணாவது மாடியில. நானும் அந்தச் செடியும்.

தேனு இந்த வீட்டுலேர்ந்து எதையுமே கேக்கலைம்மா. தெரியுமா உனக்கு? நகையெல்லாம் அவங்கண்ணன் வந்து வாங்கிட்டுப் போனாரு. பட்டுப்புடவை நாலு அலமாரியிலயே இருக்கு. சீர் வரிசைப் பாத்திரம் பரண்ல அப்படியே கெடக்கு. எதுவும் வேணாம்னுட்டா. செடி மட்டும் வேணுமாம். அதுக்கும் தான் வராம உன்னை அனுப்பியிருக்கா.

அவளே வந்து எடுத்துக்கிட்டுப் போகட்டும்னுதான் நான் நெனச்சுக்கிட்டிருந்தேன். செடிக்காகவாவது ஒரு நாளு வருவா, ஒரு வாய் சாப்பாடு போட்டு அனுப்பலாம்னு. அது நடக்காது போல இருக்கு.

இந்தா, காபி. சர்க்கரை போதுமா பாரு.

அந்த ஜன்னலோரம் பாரு, திரைக்குப் பின்னாடி. தெரியுதா? பீஸ் லில்லியாம் அதுக்குப் பேரு. எனக்கு அந்தப் பேரெல்லாம் வராது, வெள்ளைப் பூச்செடின்னுதான் சொல்லுவேன். எங்கயோ மழைக்காட்டுல பெரிய மரத்தடி நிழல்ல வளர்றதாம். வெயில் ஆகாது, வெளிச்சம் வேணும். ஈரம் வேணும், தண்ணி நிக்கக் கூடாது. என்ன ஜாதகமோ! நம்ம ஊர் செம்பருத்தியை நட்டா கேள்வி கேக்காம பூக்குது, இதுக்கு என்ன இவ்வளவு பவுசுன்னு நானே கேட்டிருக்கேன். தேனு சிரிப்பா. "அத்தை, இது கூச்ச சுபாவம்"னு சொல்லுவா.

நான் அவளை எப்படி வெச்சிருந்தேன்னு அவ உன்கிட்ட சொல்லியிருக்காளா? சொல்லியிருக்க மாட்டா, அவ எதைத்தான் வாயைத் திறந்து சொல்லியிருக்கா? நாலு வருஷம் அவளுக்கு நான்தான் தலை வாரிவிட்டேன். எனக்குப் பொண்ணு கெடையாது, ஒத்தப் பையன், அவங்கப்பா அவன் காலேஜ் படிக்கறப்பவே போயிட்டாரு. இந்தப் பொண்ணு வந்துதான் வீட்ல ஒரு கலகலப்பு. ஸ்கூல்லேர்ந்து வந்தவுடனே கை கழுவாமக்கூட அடுக்களையில வந்து நின்னு, இன்னைக்கு எந்தப் பையன் என்ன சேட்டை பண்ணான்னு கதை சொல்லுவா. இப்ப நாலு மணியாச்சுன்னா எனக்குக் காது தன்னால வாசப் பக்கம் போவுது. பழக்கம் விடமாட்டேங்குது.

கல்யாணமாகி மூணாவது வருஷம், தை மாசம் அவ முழுகாம இருந்தா. எனக்குத் தலைகால் புரியல. ஆனா நான் வெளிய காட்டிக்கல. எங்க பக்கத்துல ஒரு வழக்கம் உண்டு. குழந்தை பொறக்கறதுக்கு முன்னாடி அதுக்குன்னு ஒரு முழத் துணிகூட வாங்கமாட்டோம். பேரு யோசிக்க மாட்டோம். தொட்டிலைப் பத்தி வாயெடுக்க மாட்டோம். கண்ணு பட்டுடும், வர்றது வராமப் போயிடும்னு. அவகிட்ட முதல் நாளே சொல்லிட்டேன், "தேனு, கடைப்பக்கம் போனா குழந்தைச் சாமான் இருக்கற பக்கம் திரும்பிக்கூடப் பாக்காதே"ன்னு. சரி அத்தைன்னா.

மூணாம் மாசம் தங்கலைம்மா.

ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தோம். நான் அழுதேன்னா அவ உடைஞ்சுடுவான்னு அழல. செழியனைக் கூப்பிட்டுச் சொன்னேன், "இனிமே இந்த வீட்ல அதைப் பத்தி ஒரு பேச்சு வரக்கூடாது. இது ஒரு சாவு இல்லை, எடுத்துப் போட்டுக்கிட்டு அழுறதுக்கு. வரலை, அவ்வளவுதான். அடுத்தது வரும்"னு. பக்கத்து வீட்டுக்காரங்க விசாரிக்க வந்தாங்க, வாசல்லயே அனுப்பிட்டேன். அவ மனசு நோகக் கூடாதுன்னு எவ்வளவு பாத்தேன் தெரியுமா? அவ ஒரு தடவை சாப்பிட்டுக்கிட்டிருக்கும்போது, "அத்தை, அது"ன்னு ஆரம்பிச்சா. நான் உடனே ரசம் ஊத்தி, "சாப்பிடும்மா, அதெல்லாம் மறந்துடு"ன்னேன். அப்புறம் அவ ஆரம்பிக்கவே இல்லை. மறந்துட்டான்னு நெனச்சேன்.

ஸ்கூல் வேலையையும் நான்தான் விடச் சொன்னேன். உடம்பு தேறட்டும்னுதானே?

ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்த வாரத்துலதான் இந்தச் செடி வந்துது. நர்சரியிலேர்ந்து ஆட்டோவுல மடியில வெச்சு எடுத்துட்டு வந்தா. கதவைச் சாத்திக்கிட்டு அவளே தொட்டி மாத்தி, மண்ணு போட்டு நட்டா. நான் உதவிக்குப் போனேன், "வேணாம் அத்தை, நான் பாத்துக்கறேன்"னுட்டா.

அதுக்கப்புறம் அவ பார்த்த பாடு இருக்கே! குழாத்தண்ணி ஆகாதாம், மருந்து கலந்திருக்காம். ஒரு சொம்புல ராத்திரி புடிச்சு வெச்சு மறுநாளு ஊத்துவா. அதுவும் தினம் இல்லை. மண்ணுல ஆள்காட்டி விரலை உள்ள விட்டுப் பாத்து, காஞ்சிருந்தாத்தான். பழைய வேட்டியைக் கிழிச்சு நனைச்சு, ஒவ்வொரு இலையா தூசி துடைப்பா. பச்சைக் குழந்தைக்கு முகம் துடைக்கற மாதிரி. துடைச்சுக்கிட்டே ஏதோ முணுமுணுன்னு பேசுவா. நான் போனா நிறுத்திடுவா.

சத்தியமா சொல்றேன், எனக்குப் பொறாமையா இருந்துச்சும்மா. என்கிட்ட பேசினதெல்லாம் அதுகிட்ட பேசறாளேன்னு.

சரி, நம்மளும் அதுக்கு ஏதாவது செய்வோம்னு அரிசி கழுவின தண்ணியைக் கொண்டுபோய் ஊத்தினேன் ஒரு நாளு. வெள்ளிக்கிழமையன்னைக்கு வெயில் படட்டும்னு பால்கனியில தூக்கி வெச்சேன், ரெண்டு இலை கருகிப் போச்சு. அவ கோவப்படல. என் கையைப் புடிச்சுக்கிட்டு, "அத்தை, நீங்க எதுவும் செய்யாம இருந்தாப் போதும். அது தானா வரும்"னா. அவ கண்ணு கலங்கியிருந்துச்சு. ஒரு செடிக்கா இப்படின்னு எனக்கு ஒரு மாதிரியாயிடுச்சு.

அடுத்த வைகாசியில புதுக்கோட்டையில அவங்கம்மா வழுக்கி விழுந்து காலை உடைச்சுக்கிட்டாங்க. பாத்துக்க இவதான் போகணும். போகும்போது பெட்டியைக் கூடச் சரியா பூட்டல, என்கிட்ட செடியைப் பத்தித்தான் பேச்சு. "மேல்மண்ணு காஞ்சாத்தான் ஊத்தணும் அத்தை. தொட்டி மட்டும் மாத்தாதீங்க. மண்ணைக் கிளறாதீங்க. நான் சீக்கிரம் வந்துடுவேன்." தலையத் தலைய ஆட்டினேன்.

நானும் சொன்னபடிதான் ஆரம்பிச்சேன். ஆனா ஒரு நாளு பாத்தா இலையெல்லாம் தொங்கிக் கெடக்கு. ஐயோ, வாயில்லா ஜீவன், தாகத்துல வாடிப் போச்சேன்னு ஒரு சொம்பு ஊத்தினேன். மறுநாளு இன்னும் தொங்குது. இன்னொரு சொம்பு. அவ வர்றப்ப பட்டுப்போயிருந்தா என்ன நெனப்பா? என்னை நம்பி விட்டுட்டுப் போயிருக்கா இல்ல? காலையில ஊத்தறேன், சாயங்காலமும் ஊத்தறேன். இலை மஞ்சளாவுது. கிட்டப் போனா ஒரு நாத்தம். வேரு அழுகிடுச்சு. தண்ணி இல்லாம வாடினாலும் அப்படித்தான் தொங்குமாம், தண்ணி ஜாஸ்தியானாலும் அதே மாதிரிதான் தொங்குமாம். எனக்கு எப்படிம்மா தெரியும்? வாடுனா ஊத்தறதுதானே தெரியும் எனக்கு?

காப்பாத்தியே ஆகணும்னு பேப்பரை விரிச்சு தொட்டியைக் கவுத்தேன். அப்பதான் வந்துது அது.

அடி மண்ணுல, ஒரு சின்ன முடிச்சு. மஞ்சத் துணி. இறுக்கிக் கட்டியிருக்கு. பிரிச்சா உள்ள கருகமணி வளையல். குழந்தைங்களுக்குப் போடுவோமே, கறுப்பு மணியும் நடுவுல வெள்ளை மணியும் கோத்து, அது. ஒத்தை வளையல்தான். என் ரெண்டு விரல்கூட நுழையல, அவ்வளவு சின்னது. பொறந்த குழந்தை அளவு.

வளையலைப் பேப்பர்லயே கீழ போட்டுட்டேம்மா. குழந்தை இல்லாத வீட்ல, மண்ணுக்குள்ள, துணியில கட்டின குழந்தை வளையல்! இதுக்கு என்ன அர்த்தம்? யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்க. வாரிசு தங்கக் கூடாதுன்னு வெக்கற கட்டு அது. எங்க சித்தி குடும்பத்துல வாசப்படியில பொதைச்சு வெச்சு மூணு தலைமுறை தவிச்சாங்க.

நீ வேதக்காரப் பொண்ணு, நம்பமாட்டே. பரவாயில்லை.

தேனு வெச்சிருப்பான்னு எனக்கு முதல்ல தோணவே இல்லை. அவ எப்படி வாங்கியிருப்பா? நம்ம வீட்ல பொறக்கறதுக்கு முன்னாடி யாரும் எதுவும் வாங்கமாட்டோமே, அவளுக்கு நான் சொல்லியிருக்கேனே! முசிறி தாண்டி ஒருத்தர் குறி பாக்கறாரு. அவர்கிட்ட போனேன். முடிச்சைக் கையில வாங்கினாரு. "வெளியாளு இல்லை, வீட்டுக்குள்ள இருக்கற கைதான்"னாரு. வீட்டுக்குள்ள யாரு இருக்கா? நானு, என் பையன், அவ. அப்புறம் ஒவ்வொண்ணா ஞாபகம் வருது. கதவைச் சாத்திக்கிட்டு நட்டது. நான் போனா பேச்சை நிறுத்தினது. மண்ணைக் கிளறாதீங்கன்னது. அடுத்த குழந்தையைப் பத்திக் கேட்டா, "ஒரு வருஷம் போகட்டும் அத்தை"ன்னு சொன்னது. எல்லாம் பொருந்துதா இல்லையா, நீயே சொல்லு? அவளுக்குக் குழந்தை வேணாம், வேலைக்குப் போகணும், அதான் இப்படிப் பண்ணிட்டான்னு ஆயிடுச்சு எனக்கு.

கேட்டிருக்கலாமேங்கறே. அவரு கேக்கக் கூடாதுன்னுட்டாரு. கேட்டா வெச்சவங்க தலையிலேயே திரும்பிடும்னாரு. என் தேனு தலையில திரும்ப விடுவேனா நான்? அவ என்ன செஞ்சிருந்தாலும் அவ என் பொண்ணு. அதனால ஒரு வார்த்தை கேக்கலை. செழியனையும் கேக்க விடல. சாமி மேல சத்தியம் வாங்கிட்டேன். இன்னிவரைக்கும் நான் அதைப் பத்தி அவகிட்ட மூச்சு விடல. வேற மாமியாரா இருந்தா ஊரைக் கூட்டியிருப்பா. நான் மறைச்சேன். மனசுக்குள்ளேயே மன்னிச்சேன்.

பரிகாரம் சொன்னாரு. முடிச்சை ஓடற தண்ணியில விட்டுட்டு, திரும்பிப் பாக்காம வந்துடணும். ஒரு மண்டலம் விளக்குப் போடணும். அதுவரைக்கும் அவ வாசப்படி தாண்டக் கூடாது. அவ்வளவுதான். ஒரு மண்டலம்தான். முடிஞ்சதும் நானே போய்க் கூட்டிட்டு வர்றதா இருந்தேன். காவிரிப் பாலத்து மேல நின்னு வீசினேன். ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கல.

அவ ஃபோன் பண்றப்பல்லாம் ஏதாவது சொல்லிச் சமாளிச்சேன். வீட்டுக்கு வெள்ளையடிக்கறோம்னேன். ஆடி பொறந்துடுச்சு, அப்புறம் வான்னேன். ஆவணி முதல் வாரம், ஒரு நாளு மத்தியானம் மணி அடிக்குது. கதவைத் திறந்தா அவ நிக்கறா. வேர்த்து விறுவிறுத்து, கையில ஒரு பை. செடிக்கு வேப்பம்புண்ணாக்கு வாங்கிட்டு வந்திருக்கா. மண்டலம் முடிய இன்னும் சொச்ச நாளு இருக்கு. நான் என்ன பண்ணுவேன்? வாசப்படியில குறுக்க நின்னுக்கிட்டேன். "இரும்மா"ன்னு சொல்லிட்டு உள்ள போய் ஒரு சொம்பு தண்ணி எடுத்துட்டு வந்து வெளியவே குடுத்தேன். அவ என் முகத்தைப் பாத்தா. சொம்பைப் பாத்தா. நின்னபடியே குடிச்சா.

"செடி எப்படி இருக்கு அத்தை?"ன்னா.

"நல்லாருக்கு"ன்னேன்.

சொம்பைக் கையில குடுக்காம தரையில வெச்சுட்டுப் போயிட்டா. மாடிப்படியில எறங்கற சத்தம் கேட்டுச்சு. நான் கூப்பிடல. கூப்பிட்டா அவளுக்குத்தானே ஆபத்து!

ஒரு மண்டலம் பொறுக்க முடியலையே அவளால. அதுதான் என் ஆத்தாமை. அதுக்கப்புறம் ஃபோன் எடுக்கல. மண்டலம் முடிஞ்சு பூவும் பழமும் வாங்கிக்கிட்டுப் புதுக்கோட்டைக்குப் போனேன், வேலை கெடச்சு தஞ்சாவூர் போயிட்டான்னுட்டாங்க. என் பையன் ஒருத்தன், வாயிருந்தும் ஊமை. கடைசியில கையெழுத்துல முடிஞ்சுது.

செடியா? அழுகின வேரையெல்லாம் வெட்டி எறிஞ்சேன். ஒரே ஒரு குருத்து பொழைச்சுது. அதைத் தூக்கிப் போட மனசு வரல. புது மண்ணு வாங்கிப் போட்டு நட்டேன். அவ சொன்ன மாதிரியே செய்யறேன் இப்ப. சொம்புல தண்ணி புடிச்சு வெக்கறேன். விரலை விட்டுப் பாக்கறேன். இலை துடைக்கறேன். பேசறேன்கூட, வேற யார்கிட்ட பேச? போன வாரம் பாரு, ஒரு மொட்டு விட்டிருக்கு. உள்ளங்கையைக் குவிச்ச மாதிரி வெள்ளையா. அவகிட்ட காட்டணும்னு இருந்தேன்.

சரி, எடுத்துக்கோ. நான் ஒரு கட்டப்பை தரேன்.

என்னம்மா? ஏன் நிக்கறே? புது மண்ணுன்னு சொன்னா ஏன் முகம் இப்படிப் போவுது உனக்கு?

என்ன சொன்னா? செடி பட்டுப் போயிருந்தாலும் பரவாயில்லை, தொட்டி மண்ணை அப்படியே கொண்டுவான்னாளா? மண்ணையா? மண்ணுல என்ன இருக்கு?

அழாதே. அழாம சொல்லு. யாரு வாங்கினது?

தேனுவா?

எப்போ? ஸ்கேன் எடுத்துட்டு வந்த அன்னைக்கா? அன்னைக்கு நான் கோயிலுக்குப் போயிருந்தேன். அவ தனியாத்தான் ஆட்டோவுல வந்தா. குழந்தை நெஞ்சு துடிக்கறதைக் காட்டினாங்களா? அதைப் பாத்துட்டு, வர்ற வழியில கடைவீதியில எறங்கி... ஐயோ. ஒத்தை வளையல். ஜோடியா வாங்கினா அத்தை திட்டுவாங்கன்னு ஒத்தையா வாங்கினாளா? அப்படியா சொன்னா? எனக்குப் பயந்தா?

அப்புறம் அது போனதும், வெக்க எடமில்லை. அழ எடமில்லை. நான்தான் வீட்ல பேசக் கூடாதுன்னுட்டேனே! அதனால மஞ்சத் துணியில சுத்தி...

அப்ப அவ இலை துடைக்கறப்ப பேசினது செடிகிட்ட இல்லையா?

ஆக்னஸ், அந்தப் பாலத்து மேல நான் எதைம்மா வீசினேன்? திரும்பிப் பாக்கலையே. ஒரு தடவைகூடத் திரும்பிப் பாக்கலையே நான்.

வாசல்ல ஏன் நிறுத்தினேன்னு அவ நெனச்சிருக்கா? சொல்லு. பரவாயில்லை, சொல்லு. குழந்தை தங்காதவளுக்கு இந்த வீட்ல எடமில்லைன்னு... இல்லம்மா. இல்ல. நான் அவளுக்காகத்தான் விளக்குப் போட்டேன். தினம் அவ பேரைச் சொல்லித்தான் போட்டேன். ஒரு வார்த்தை என்கிட்ட சொல்லியிருக்கலாமே அவ! எப்படிச் சொல்லுவா? ரசத்தை ஊத்தினேனே நான். அவ வாயெடுத்தப்ப ரசத்தை ஊத்தினேனே.

வேணாம், நீ எடுத்துட்டுப் போகாதே. என்னன்னு குடுப்பே அவகிட்ட? இந்த மண்ணுல ஒண்ணுமில்லை. கடையில வாங்கின மண்ணு.

இரு. நானும் வரேன். இந்தப் புடவையே போதும். மடியில வெச்சுக்கிட்டு வரேன், மொட்டு ஒடியாம. பஸ்ல நீ ஜன்னலோரம் உக்காந்துக்கோ, செடிக்கு வெயில் படாத பக்கமாப் பாத்து எனக்கு எடம் குடு. அவ வீடு வரைக்கும் என்னைக் கூட்டிட்டுப் போய் விட்டாப் போதும், நீ போயிடு.

உள்ள கூப்பிட வேணாம் அவ. உக்காருன்னு சொல்ல வேணாம். வாசல்லயே நிக்க வெச்சு ஒரு சொம்பு தண்ணி குடுக்கட்டும். நின்னபடியே குடிச்சுட்டு வந்துடறேன்.